படம் இருக்கட்டும், குரல் கேட்கிறதா?

பள்ளி ஆண்டு விழா. மேடையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கும்மி அடிக்கிறார்கள். முதல் நான்கு வரிசைகள் சிறப்பு விருந்தினர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என்று கயிறு கட்டி ஒதுக்கியாகிவிட்டது. எட்டாவது வரிசையில் இடம் கிடைத்த அப்பா, செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். அவருக்கு முன்னால் ஏழு வரிசைச் செல்போன்கள். திரையில் மகள் விரல்நக அளவுதான் தெரிகிறாள். இரண்டு விரலால் திரையை விரித்துப் பெரிதாக்குகிறார். முகம் பெரிதாகிறது, கண் எது, மூக்கு எது என்று பிரித்தறிய முடியாதபடி குழைந்தும் போகிறது. நான்காவது நிமிடத்தில் அலுவலகத்திலிருந்து அழைப்பு வர, பதிவு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்து டிவியில் போட்டுப் பார்த்தால், மகளின் பாட்டைவிடப் பக்கத்து இருக்கைக்காரர் முறுக்குப் பொட்டலம் பிரிக்கும் சத்தம்தான் தெளிவாகக் கேட்கிறது.

கையில் செல்போன் இருக்கும்போது தனியாக ஒரு வீடியோ கேமரா எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்த எட்டாவது வரிசைதான் பதில். பக்கத்தில் உட்கார்ந்து குழந்தை சோறு பிசைவதை எடுக்க, கடற்கரையில் இரண்டு நிமிடம் எடுத்து உடனே மாமாவுக்கு அனுப்ப, செல்போனை மிஞ்ச எதுவும் இல்லை. வெளிச்சம் இருந்து, ஆளும் அருகில் இருந்தால், இன்றைய நல்ல செல்போனின் படம் விலை குறைந்த கேம்கார்டரின் படத்தைவிட அழகாகவே இருக்கும். தூரத்தில் நிற்கும் ஆளை எடுக்க வேண்டும், இரண்டு மணி நேரம் விடாமல் எடுக்க வேண்டும், கை வலிக்காமல் எடுக்க வேண்டும் என்று வரும்போதுதான் நிலைமை மாறுகிறது. அரங்கேற்றம், பட்டிமன்றம், ஊர்த் திருவிழா நாடகம், கிரிக்கெட் மைதானம், அறுபதாம் கல்யாணம் ஆகியவை கேம்கார்டருக்கென்றே அமைந்தவை.

இந்தக் கருவிக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கேமராவையும் பதிவுக் கருவியையும் ஒரே உடலுக்குள் அடக்கி வீட்டு உபயோகத்துக்கு என்று வந்த முதல் கருவி, 1983-ல் சோனி வெளியிட்ட பீட்டாமூவி. அதற்கு முன்னால் கேமரா தோளில் இருக்கும், பதிவுக் கருவி தனியாக ஒரு பையில் தொங்கும், இரண்டையும் ஒரு கேபிள் இணைக்கும். பீட்டாமூவியின் எடை சுமார் இரண்டரை கிலோ. பதிவு செய்ய மட்டும்தான் அதனால் முடியும். எடுத்ததைப் பார்க்க வேண்டுமென்றால் கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து வேறொரு கருவியில்தான் போட வேண்டும். 1984-ல் ஜேவிசி சிறிய விஎச்எஸ் கேசட்டோடு வந்தது. 1985-ல் 8 மி.மீ. நாடாவோடு சோனியின் ‘ஹேண்டிகேம்’ வந்தது. 1989-ல் வந்த டிஆர்55 மாடலின் எடை 790 கிராம்தான். அதைப் ‘பாஸ்போர்ட் அளவு’ என்று சொல்லியே விற்றார்கள். எந்தக் கம்பெனிக் கேமராவாக இருந்தாலும் நம் வீடுகளில் அதற்கு ‘ஹேண்டிகேம்’ என்றே பெயர் நிலைத்தது.

விலை மலிந்து கைக்கு எட்டியதும் இந்தக் கருவி என்னென்ன செய்ய முடியும் என்பதை 1991 மார்ச் 3-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் காட்டியது. நள்ளிரவு தாண்டிய நேரம். சத்தம் கேட்டு விழித்த ஜார்ஜ் ஹாலிடே என்ற குழாய்ப்பணியாளர், தன் வீட்டு பால்கனியில் நின்று சோனி ஹேண்டிகேமில் எதிரே நடந்ததைப் பதிவு செய்தார். ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைப் போலீஸார் சூழ்ந்து நின்று அடித்த காட்சி அது. உள்ளூர்த் தொலைக்காட்சி ஒளிபரப்ப, உலகமே பார்த்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அந்தப் போலீஸார் வழக்கிலிருந்து விடுபட்டபோது நகரமே பற்றியெரிந்தது. அந்தப் பதிவின் தொடக்கத்தில் சில வினாடிகள் ஃபோகஸ் தவறி மங்கலாக இருந்தன. அந்தச் சில வினாடிகளை வைத்தும் நீதிமன்றத்தில் வாதாடினார்கள். இருட்டில், தூரத்தில், கையில் பிடித்து எடுக்கும் வீட்டுக் கேமராவின் பலம், பலவீனம் இரண்டுமே அந்த ஒரு நாடாவில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் வீடியோ கேமரா கல்யாண மண்டபத்தின் வழியாகத்தான் வந்தது. தோளில் பெரிய கேமராவோடு ஒருவர், கண் கூசும் ஹாலஜன் விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே லைட் பாய் ஒருவர், ஒயரைச் சுருட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒருவர் என்று அவர்கள் நுழைந்தாலே பந்தியில் இருப்பவர்கள் இலையிலிருந்து நிமிர்ந்து உட்காருவார்கள். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்த ஹேண்டிகேம்கள் அதன்பின் வீடுகளுக்குள் நுழைந்தன. லண்டனிலும் டொரன்டோவிலும் சிதறி வாழ்ந்த ஈழத்துக் குடும்பங்களுக்கு, போக முடியாத கல்யாணத்தைப் பார்க்க இருந்த வழி தபாலில் வந்த கேசட்தான்.

சரி, இன்று ஒரு குடும்பம் மிதமான விலையில் கேம்கார்டர் வாங்கப் போகிறது. எதைப் பார்ப்பது?

முதலில் பார்க்க வேண்டியது ஆப்டிகல் ஜூம். கடைக்காரர் மெகாபிக்சலில் தொடங்குவார். அதைக் காதில் வாங்க வேண்டாம். லென்ஸுக்குள் கண்ணாடிகள் நகர்ந்து தூரத்தை நெருக்கிக் காட்டுவது ஆப்டிகல் ஜூம். எடுத்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவது டிஜிட்டல் ஜூம். செல்போனில் விரலால் விரித்ததைத்தான் அதுவும் செய்கிறது. அட்டைப்பெட்டியில் 350 மடங்கு, 1,000 மடங்கு என்று பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம் இந்த இரண்டாவது வகை.

2015-ல் வந்து வெகுகாலம் விற்ற சோனி எச்டிஆர்-சிஎக்ஸ்405 மாடலை எடுத்துக்கொள்ளலாம். எடை 200 கிராமுக்கும் குறைவு, உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆப்டிகல் ஜூம் 30 மடங்கு. ஜூம் செய்யாத நிலையில் அதன் லென்ஸ் பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமரா கணக்கில் 26.8 மி.மீ. லென்ஸுக்குச் சமம், மேடை முழுவதும் அடங்கும். முழு ஜூமில் 800 மி.மீ. லென்ஸுக்குச் சமம். 50 அடி தூரத்தில் உட்கார்ந்து எடுத்தால் திரையில் விழும் பரப்பின் அகலம் இரண்டு அடியை ஒட்டித்தான் இருக்கும். குழந்தையின் தலையும் தோளும் படத்தை நிறைத்துவிடும். நெற்றிச்சுட்டி சரிந்திருப்பதுகூடத் தெரியும். எட்டாவது வரிசை அப்பாவுக்கு வேண்டியது அதுதானே?

இவ்வளவு நீள ஜூமை இவ்வளவு சின்ன உடலுக்குள் எப்படி அடைத்தார்கள்? சென்சாரைச் சிறிதாக்கித்தான். ஒளியை வாங்கிப் படமாக்கும் அந்தச் சில்லு சிறிதாக இருந்தால், அதற்கேற்ற லென்ஸும் சிறிதாக இருந்தால் போதும். அதற்கான விலையை இருட்டில் கொடுக்க வேண்டியிருக்கும். சின்னச் சென்சார் வாங்கும் ஒளி குறைவு என்பதால், குத்துவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த படத்தில் ரவை தூவியதுபோலப் புள்ளிகள் மண்டும். மிதமான விலைக் கேமராவில் நீள ஜூம், இருட்டிலும் தெளிவு என்று இரண்டும் சேர்ந்து கிடைக்காது. மேடை நிகழ்ச்சி எடுப்பவருக்கு ஜூம் முக்கியம். மேடையில் விளக்கும் இருக்கும். வீட்டுக்குள் பிறந்தநாள் எடுப்பவருக்குப் பெரிய சென்சார் முக்கியம். ஆட்களும் அருகிலேயே இருப்பதால் அவருக்குச் செல்போனே போதும் என்று சொல்லிவிடலாம்.

4கே வேண்டுமா என்பது அடுத்து வரும் கேள்வி. முழு எச்டியைப்போல நான்கு மடங்கு புள்ளிகள் என்பது உண்மை. ஆனால் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி காலியாகும். அதைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க் வேண்டும், வெட்டி ஒட்ட வலுவான கம்ப்யூட்டர் வேண்டும். ஓரளவு கூடுதலாகச் செலவழிக்க முடிந்தவர்கள் சோனி ஏஎக்ஸ்43 போன்ற 4கே மாடல்களைப் பார்க்கலாம். அதில் லென்ஸும் சென்சாரும் ஒரே கட்டாக மிதந்து கை நடுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். அதன் மதிப்பு 4கே என்ற எழுத்தில் இருப்பதைவிட இந்த அமைப்பில்தான் அதிகம். மற்ற குடும்பங்களுக்கு முழு எச்டி தாராளம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இணையக் கடைகளில் ‘4கே, 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்’ என்ற விளம்பரத்தோடு, கேட்டறியாத பெயர்களில், சில ஆயிரம் ரூபாய்க்கு கேம்கார்டர்கள் கிடைக்கின்றன. உருவம் அசல் ஹேண்டிகேம் போலவே இருக்கும். கூடவே மைக், ரிமோட், விளக்கு எல்லாம் தருவார்கள். பெரும்பாலானவற்றில் உள்ளே இருப்பது செல்போன் முன்பக்கக் கேமரா தரத்தில் ஒரு சென்சாரும் நகராத ஒரு லென்ஸும்தான். அந்த 16 மடங்கும் டிஜிட்டல் ஜூம். குறைந்த புள்ளிகளில் எடுத்த படத்தை இழுத்து நீட்டி 4கே என்று பெயர் வைத்திருப்பார்கள். விவரப் பட்டியலில் ‘ஆப்டிகல் ஜூம்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேட வேண்டும். அது இல்லாவிட்டால் அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

இனி சத்தம். வாங்கும்போது பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான், பின்னால் அதிகம் வருந்துவதும் இதற்குத்தான். படம் சற்று மங்கலாக இருந்தாலும் குரல் தெளிவாகக் கேட்டால் உட்கார்ந்து பார்க்கிறோம். படம் கண்ணாடிபோல இருந்து குரல் கேட்கவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடுகிறோம். ஜூம் லென்ஸ் தூரத்து முகத்தை அருகில் கொண்டுவரும். தூரத்துக் குரலைக் கொண்டுவர அதனால் முடியாது. கேமராவில் இருக்கும் மைக் கேமரா இருக்கும் இடத்துச் சத்தத்தைத்தான் கேட்கும். முறுக்குப் பொட்டலம் வென்றது அதனால்தான்.

அதனால் தனி மைக் செருகும் துளை இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். மேலே சொன்ன சிஎக்ஸ்405-ல் அது இல்லை. மலிவான மாடல்களில் பலவற்றிலும் இருக்காது. கேனானின் விக்சியா எச்எஃப் ஆர்800-ல் மைக் துளையும் இருந்தது, ஹெட்போன் துளையும் இருந்தது. மைக் துளை இல்லாத கேமரா ஏற்கெனவே கையில் இருந்தாலும் வழி இருக்கிறது. செல்போன் ஒன்றில் குரல் பதிவை ஓடவிட்டு, மேடைக்கு அருகில் ஸ்பீக்கர் பெட்டிக்கு நாலடி தள்ளி வைத்துவிட வேண்டும். ஸ்பீக்கரை ஒட்டி வைத்தால் சத்தம் உடைந்துவிடும். கேமராவும் செல்போனும் ஓடத் தொடங்கியதும், இரண்டுக்கும் கேட்கும்படி ஓங்கி ஒருமுறை கைதட்ட வேண்டும். பின்னால் கம்ப்யூட்டரில் படத்தையும் குரலையும் சேர்க்கும்போது அந்தக் கைதட்டலைப் பொருத்தினால் போதும், உதடும் ஓசையும் ஒட்டிக்கொள்ளும். சினிமாக்காரர்கள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கிளாப் கட்டை அடிப்பதும் இதற்காகத்தான்.

மெமரி கார்டில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நொடிக்கு 24 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் மணிக்கு 11 ஜிபி அளவு ஆகும். 64 ஜிபி கார்டில் ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கலாம். 50 மெகாபிட் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். கார்டின் மேல் 10 என்ற எண்ணைச் சுற்றி வட்டம் இருந்தால் முழு எச்டிக்குப் போதும். 4கே எடுக்க, ஆங்கில ‘யு’ வடிவத்துக்குள் 3 என்ற எண் இருப்பது வேண்டும். சந்தையில் போலிக் கார்டுகள் உண்டு. 64 என்று அச்சிட்டிருக்கும், பாதி நிறைந்ததும் பழையதை அழிக்கத் தொடங்கும். புதுக் கார்டு வாங்கினால், விழாவுக்கு ஒரு வாரம் முன்பே வீட்டுச் சுவரைப் பார்த்துக் கேமராவை வைத்து, கார்டு நிறையும்வரை ஓடவிட்டு, முழுவதும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது உத்தமம். பேட்டரியும் கூடுதலாக ஒன்று வேண்டும்.

அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ அண்ணனோ அக்காவோ கொண்டுவந்து கொடுத்த கேம்கார்டர் பல வீடுகளில் இருக்கிறது. நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் அதில் எடுத்தால் படம் முழுக்க வெளிச்சமும் இருட்டும் அலையடிக்கும். கேமரா பழுது என்று நினைத்துவிடுவார்கள். காரணம் மின்சாரத்தில் இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய வகைச் சோக் போட்ட ட்யூப்லைட் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரியும். நம் கண்ணுக்கு அது தெரியாது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அந்த ஊர்க் கேமராக்கள் வினாடிக்கு 60 என்ற கணக்கில் எடுப்பவை. இந்த இரண்டு தாளமும் பொருந்தாமல் போவதுதான் அந்த அலை. மெனுவில் ஷட்டர் வேகத்தை மாற்றும் வசதி இருந்தால் 1/100 என்று வைத்துவிடலாம். ஒவ்வொரு படத்துக்கும் ட்யூப்லைட்டின் ஒரு முழு ஏற்ற இறக்கம் சேர்ந்துவிடுவதால் அலை அடங்கும். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, பிரிட்டன் எல்லாம் 50 ஹெர்ட்ஸ் நாடுகள். அங்கிருந்து வரும் கேமராக்களில் இந்தத் தொல்லை இல்லை.

கேம்கார்டரில் புது மாடல்கள் வருவது அரிதாகிவிட்டதால் பழைய கேமரா வாங்குவோர் பெருகியிருக்கிறார்கள். தவறில்லை. ஆனால் வாங்கும் இடத்திலேயே கார்டு போட்டு ஐந்து நிமிடம் எடுத்துப் பார்க்க வேண்டும். மடிப்புத் திரையைத் திறந்து, திருப்பி, மூடிப் பார்க்கும்போது படம் துடித்தால் உள்ளே ரிப்பன் ஒயர் தேய்ந்திருக்கிறது என்று பொருள். லென்ஸைச் சாய்த்து டார்ச் அடித்தால் சிலந்தி வலை போல வெள்ளையாகத் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சகஜம். பேட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். நாடா போடும் பழைய கேமராவை, வீட்டில் இருக்கும் பழைய நாடாக்களை மாற்றிக்கொள்வதற்கு மட்டும் வாங்கலாம்.

கேமரா வந்துவிட்டது. புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான். சாமிக்குச் சாமரம் வீசுவதுபோலக் கேமராவை இடமும் வலமும் வீசிக்கொண்டே இருப்பார்கள். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற ஆசை அது. பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஓர் இடத்தில் நிறுத்தி, மனதுக்குள் பத்து எண்ணி, அதன்பின் அடுத்த இடத்துக்குப் போவது என்று வைத்துக்கொண்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும். ஜூமையும் எடுக்கத் தொடங்குவதற்கு முன்பே வேண்டிய அளவுக்கு வைத்துக்கொள்வது நல்லது. முழு ஜூமில் கையின் சின்ன நடுக்கமும் பூகம்பம்போலத் தெரியும். ட்ரைபாட் இருந்தால் அதில் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் தூணில் சாய்ந்து, முழங்கைகளை விலாவில் ஒட்டி வைத்துக்கொண்டு எடுக்கலாம். குழந்தையை எடுக்கும்போது தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலைதான் பதிவாகும்.

மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எல்லோரும் காமாலை வந்தவர்கள்போலத் தெரிந்தால், வெண்மையைக் கேமராவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மெனுவில் ‘ஒயிட் பேலன்ஸ்’ என்று இருப்பது அதுதான். வெள்ளைத் தாள் தேட வேண்டாம். தாத்தாவின் வெளுத்த வேட்டி திரையை நிறைக்கும்படி காட்டிப் பொத்தானை அழுத்தினால் நிறம் சரியாகிவிடும்.

ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் லென்ஸில் பனி படரும். துடைக்கத் துடைக்க மறுபடி படரும். பைக்குள்ளேயே இருபது நிமிடம் வைத்திருந்து எடுத்தால் அந்தச் சிக்கல் இல்லை. மழைக்காலத்தில் கேமராவைத் தோல் உறைக்குள் வைத்துப் பீரோவில் பூட்டுவது பூஞ்சைக்கு விருந்து வைப்பதுபோல. நல்ல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்தால் போதும். கோயில்களில் அனுமதி கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பள்ளி விழாவில் மற்றவர் பிள்ளைகளின் முகமும் பதிவாகும் என்பதால், அதை ஊருக்கெல்லாம் அனுப்பாமல் வீட்டோடு வைத்துக்கொள்வதுதான் மரியாதை.

ஆண்டு விழாவும் அரங்கேற்றமும் தாமாக வரும். யாராவது எடுத்தும் விடுவார்கள். யாரும் எடுக்காமல் போவது வீட்டுப் பெரியவர்களின் பேச்சைத்தான்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாடு முடிந்து, எண்பத்து மூன்று வயது ஆச்சி சாய்வு நாற்காலியில் இருக்கிறார். பேரன் முதலில் மின்விசிறியை நிறுத்துகிறான். வீடியோவில் குரலைக் கெடுப்பதில் அதற்குத்தான் முதலிடம். டிவியையும் நிறுத்திவிட்டு, ஆச்சியின் முகத்தில் ஒரு பக்கமாக வெளிச்சம் விழும்படி நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்புகிறான். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். ட்ரைபாடை ஆச்சியின் கண் உயரத்துக்கு இறக்கி, மைக்கைப் புடவைத் தலைப்பில் குத்துகிறான். பதிவுப் பொத்தானை அழுத்தியதும் கேமராவுக்குப் பின்னால் நிற்காமல் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறான். ஆச்சி பேசப்போவது அவனோடு, கேமராவோடு இல்லை.

“ஆச்சி, ஒங்க கல்யாணத்துல என்ன சாப்பாடு போட்டாவ?”

“அத ஏம்ல கேக்க? மூணு நாள் கல்யாணம்லா. மறுவீட்டுக்குச் சொதி வச்சாவ பாரு...”

அவ்வளவுதான், ஊற்று திறந்துவிடும். நடுவில் ‘அப்படியா’, ‘சரி சரி’ என்று குறுக்கிடக் கூடாது, தலையாட்டினால் போதும். ‘உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் யாருக்கும் எதுவும் வராது. சாப்பாடு, முதல் சம்பளம், பார்த்த முதல் சினிமா, வீட்டில் இருந்த மாட்டின் பெயர் என்று கைக்குள் அடங்குவதைக் கேட்டால் கொட்டும். பெயர், பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர் ஆகியவற்றை அவர்கள் வாயாலேயே தொடக்கத்தில் சொல்ல வைக்க வேண்டும். ‘போதும்ல’ என்று சொன்ன பிறகும் ஒரு நிமிடம் கேமராவை ஓடவிட வேண்டும். முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகுதான் பலர் மனதில் இருப்பதைச் சொல்வார்கள்.

எடுத்த அன்று இரவே கார்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட வேண்டும். பல கேம்கார்டர்கள் ‘எம்டிஎஸ்’ என்று முடியும் கோப்புகளாகப் பதிவு செய்யும். நீளமான பதிவைத் துண்டு துண்டாக வைத்திருக்கும். ஒரே ஒரு கோப்பை மட்டும் இழுத்துக்கொள்ளாமல் கார்டில் உள்ள எல்லா ஃபோல்டர்களையும் அப்படியே நகலெடுத்தால் துண்டுகள் தவறாது. ஃபோல்டருக்குத் தேதி, இடம், ஆள் பெயர் மூன்றையும் வைத்துவிட வேண்டும். ‘புதிய ஃபோல்டர் 4’ என்று விட்டால் பத்து ஆண்டு கழித்து யாரும் திறக்கமாட்டார்கள். நகல் இரண்டு வேண்டும், அதுவும் இரண்டு வீடுகளில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள வீடுகளில் கல்யாண ஆல்பமும் கேசட்டும் சிடியும் ஒரே பீரோவில் ஒன்றாக நனைந்து போயின.

பழைய நாடாக்களுக்கு நேரம் குறைந்துகொண்டிருக்கிறது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் விசிஆர் தயாரிப்பை நிறுத்தியதோடு, உலகில் புது விசிஆர் வருவது நின்றுபோனது. மினிடிவி நாடாவைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஃபயர்வயர் என்ற இணைப்பு வேண்டும். இன்றைய கம்ப்யூட்டர்களில் அந்தத் துளையே இல்லை. நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அதை விசிஆரில் போட்டால் மற்ற கேசட்டுகளுக்கும் தொற்றும். மாற்றித் தரும் ஸ்டூடியோக்கள் ஊருக்கு ஒன்றிரண்டாவது இன்னும் இருக்கின்றன. பரணில் கேசட் வைத்திருப்பவர்கள் அடுத்த தீபாவளிவரை தள்ளிப்போடாமல் இந்த மாதமே இறக்கி, தூசி தட்டி, கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் எண்பதைத் தாண்டிய பெரியவர் இருந்தால், கேமரா வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் மின்விசிறியை நிறுத்துங்கள். செல்போனைப் படுக்கைவாக்கில் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே நிறுத்தி, அழைப்பு வராதபடி ஏரோப்ளேன் மோடில் போட்டு, பெயரும் ஊரும் கேட்டுத் தொடங்குங்கள்.